வயல் வாயிலுக்கு ஏற்ற படலை
(கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஒருவர் ஆற்றிய பேச்சு)



விதைநெல்லைப் பற்றியும் பசளையைப் பற்றியும் உங்களுடன் பலமுறை பேசியிருக்கின்றேன். இன்று படலையைப் பற்றிப் பேச வந்துள்ளேன். இதற்கும் ஒரு போதனாசிரியர் வேண்டுமா என்று சிலர் முறுவலிப்பது தெரிகின்றது. ஒரு காலபோகத்தில் நான் கண்ட வயலைப் பற்றிக் கேளுங்கள்.

அவ்வயலின் சொந்தக்காரர் 14 அடி அகலத்தில் இரும்புப் படலையொன்று செய்வித்து மாட்டியிருந்தார். பாரமான அப்படலையைத் தாங்கிய தூணோ 2 அடி ஆழத்திலேயே நாட்டப்பட்டிருந்தது. மார்கழி மழையிற் களிமண் இளக, தூண் சரிந்து, படலையின் நுனி நிலத்திற் குத்தி நின்றது. அதைத் தூக்கிச் சாத்துவதற்கு இருவர் தேவைப்பட்டனர். ஆகவே, தண்ணீர் பார்க்கத் தனியே வருபவர்கள் அதனைக் கயிற்றினாற் கட்டிவிட்டுப் போகலாயினர். தை மாதத்தில் ஒருநாள் அக்கயிறும் கட்டப்படவில்லை. கதிர் பால் பிடித்திருந்த வேளையில், கட்டாக்காலி மாடுகள் இரவு முழுவதும் உள்ளே நின்றன. அவருடைய பயிர் மாத்திரமன்றி, அதே வேலிக்குள் விதைத்திருந்த அயலவர் மூவருடைய பயிரும் அழிந்தது. படலைக்குச் செலவிட்ட பணத்தை அவர் பெரிதாக எண்ணவில்லை. அம்மூவரின் முகத்தில் விழிப்பதே அவருக்குக் கடினமாயிருந்தது.

ஆதலால், நாள்தோறும் படலையைச் சாத்தப்போகின்றவர் யார் என்பதை முதலிற் சிந்தியுங்கள். பத்து வயதுப் பிள்ளையால் ஒரு கையினாற் சாத்த முடியாத படலை என்றோ ஒருநாள் திறந்தே கிடக்கும்.

உழவு இயந்திரம் ஒரு போகத்திற் சில நாட்களே வரும். நீங்கள் மண்வெட்டியுடன் வருவதோ ஒவ்வொரு நாளும். இடவசதியிருப்பின் இரண்டு வாயில்கள் வைப்பதே நன்று என்பது என் அபிப்பிராயம். ஆட்கள் செல்வதற்கு 3 அடிச் சிறு படலை போதும். அது திறக்கும் திசைக்கு எதிர்ப்புறத்திற் கட்டையொன்றை நாட்டி, கட்டைக்கும் படலைக்கும் இடையே சங்கிலி பூட்டி, நடுவிற் கல்லொன்றைத் தொங்கவிட்டால், கையை விட்டதும் அது தானாகவே சாத்திக்கொள்ளும். பெரிய வாயிலுக்குப் பழைய கடப்பையே நான் விரும்புவேன். இரு தூண்களிலும் துளையிட்டு, உருவியெடுக்கக்கூடிய நாலைந்து மரங்களைக் குறுக்கே செருகிவிடுவதே அது. பிணைச்சல் இல்லாததால் தொய்வதற்கும் எதுவுமில்லை.

நேராக நுழையும் வாயிலாயின், நான்கு சில்லு உழவு இயந்திரத்துக்கும் அதன் பெட்டிக்கும் 12 அடி அகலம் போதும். ஒடுங்கிய ஒழுங்கையிலிருந்து திரும்பி நுழைவதாயின் 14 அல்லது 16 அடி விடுக. அறுவடை இயந்திரத்தை வாடகைக்குப் பிடிப்போர் அதன் வெட்டும் பகுதியின் அகலத்தைக் கேட்டறிந்த பின்னரே தூண் நாட்டவேண்டும். வாயிலின் முன் வாய்க்காலிருப்பின், மதகும் வாயிலளவு அகலமாக இருத்தல் அவசியம். 12 அடி வாயிலுக்கு 8 அடி மதகு கட்டியிருந்த ஓரிடத்தில், நெல் மூடைகளுடன் பெட்டி வாய்க்காலிற் கவிழ்ந்து கிடந்ததைக் கண்டிருக்கின்றேன்.

ஆடும் படலைதான் வேண்டுமென்போர் பாலை, முதிரை போன்ற வைர மரத்தூணைத் தெரிந்து, அதன் நீளத்தில் மூன்றிலொரு பங்கை மண்ணுக்குள் இறக்கவேண்டும். மூலைச் சட்டத்தைப் பலர் மாறிப் பொருத்துகின்றனர். மரச்சட்டமாயின், அது கீழ்ப் பிணைச்சலிலிருந்து படலை நுனியின் மேல்மூலைக்கு ஏறவேண்டும். அப்போதுதான் நுனியின் பாரத்தை முட்டுக்கொடுத்துத் தாங்கும். கம்பியாயின், மேற்பிணைச்சலிலிருந்து நுனியின் கீழ்மூலைக்கு இறங்கவேண்டும், ஏனெனில் கம்பி இழுத்துத்தான் தாங்கும்.

மரக்கறித் தோட்டக்காரர் அகலத்திலும் பார்க்க அடிப்பக்கத்தையே கவனிக்கவேண்டும். ஆட்டுக்குட்டிக்கு ஒரு சாண் இடைவெளி போதும். ஆகவே கீழ்ச் சலாகைகளை நெருக்கி அடியுங்கள். யானைக்குப் படலை ஒரு பொருட்டன்று. அது வேறொரு நாட்பேச்சு.

வேலியடைக்கும் திகதி காலபோகக் கூட்டத்திலே தீர்மானிக்கப்படுகின்றது. பொது வாயிலுள்ள வெளிகளில், படலையைப் பழுதுபார்ப்பவர் யார், இரவிற் சாத்துபவர் யார் என்பதையும் அன்றே பெயர் குறித்து எழுதுவியுங்கள். தூண் நாட்டுவதைப் புரட்டாதி மழைக்கு முன்னரே முடித்து, வாயிலிற் கிறவல் பரப்பி இறுக்கிவிடுங்கள்.