தயிருக்குத் தயிர் வேண்டும்



தயிர் செய்வது எப்படி என்று ஒருவர் வினவினால், பாலைக் காய்ச்சி, இளஞ்சூடாக ஆறவிட்டு, அதில் சிறிது தயிரை இடுக என்போம். வினவியவர் தருக்கம் பயின்றவராயின் நகைப்பார். தயிருக்கே தயிர் வேண்டுமெனில், அந்தத் தயிர் எங்கிருந்து வந்தது? நேற்றைய தயிரிலிருந்து. அது? முந்தாநாளைய தயிரிலிருந்து. முடிதிருத்தும் கடையில் எதிரெதிரே மாட்டிய கண்ணாடிகளுள் நம் உருவம் ஒன்றனுள் ஒன்றாய்ச் சிறுத்துச் செல்வதுபோல, இவ்வினாவும் பின்னோக்கிச் சென்றுகொண்டே இருக்கும்.

பல்கேரியரான ஸ்டாமன் கிரிகோரவ், 1905ஆம் ஆண்டில், ஜெனீவாவில் தம் நாட்டுத் தயிரை ஆராய்ந்து, அதில் கோல் வடிவ நுண்ணுயிர் ஒன்றைக் கண்டார். இத்தகைய உயிர்கள் பாலிலுள்ள சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்க, பால் உறைகிறது. நாம் கரண்டியால் இடுவது அவ்வுயிர்களின் குடும்பத்தையே. அவை தயிரில் மட்டும் வாழ்வன அல்ல. உறைமோர் இல்லாத நாளில் இளஞ்சூடான பாலில் மிளகாய்க் காம்புகளை இட்டு உறையவைக்கும் வழக்கத்தை நம் பாட்டிமார் அறிவர். தருக்கம் பயின்றவருக்கு அதுவே விடை.

ஆயினும் ஊர்விட்டு வந்தோருக்கு அந்த விடை போதுவதில்லை. எங்கள் இல்லத்து உறைமோர், அன்னையார் தஞ்சையிலிருந்து ரயிலில் தூக்குப் பாத்திரத்தில் தில்லிக்குக் கொணர்ந்தது. குளிர்காலத்தில் பால் உறைய மறுக்கும். கம்பளி சுற்றி, கோதுமை மாவுப் பானைக்குள் புதைத்து வைப்போம். அன்னையார் மறைந்த பின்னரும் அவர் கைத்தயிர் நாள்தோறும் எங்கள் இலைக்கு வந்தது. ஒரு கோடையில் மாதம் முழுவதும் ஊரில் தங்கித் திரும்பினோம். பாத்திரத்தில் பூஞ்சணமே இருந்தது. மிளகாய்க் காம்பை நாட மனம் இசையவில்லை.

அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மையாரிடம் சென்றோம். உறைமோரை அவர்கள் ‘ஜாமன்’ என்பர். கிண்ணத்தை நீட்டியவர், “இது உங்கள் மாதாஜி தந்த ஜாமன்தான். அதையே இன்றுவரை தோய்த்து வருகிறோம்” என்றார்.

இடையே அவர்களும் வேறு வீட்டில் இரவல் வாங்கியிருக்கலாம். பாலும் காற்றும் கையும் தத்தம் நுண்ணுயிர்களைச் சேர்த்தேயிருக்கும். அது அதே தயிர்தானா என்று நாங்கள் யாரையும் கேட்கவில்லை. அன்றிரவே உறை ஊற்றினோம். காலையில் புளிப்பு சற்று மிகுந்திருந்தது. மறுநாளைக்கு ஒரு கரண்டி எடுத்து வைத்த பின்னரே உண்ண அமர்ந்தோம்.

அடுத்த திங்களில் அந்த அம்மையார் தம் ஊர் செல்கிறார். திரும்பியதும் கிண்ணத்துடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.