பிள்ளையின் மனம் நலமா?



பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியைத் தொட்டதும் தெரிந்துவிடும். மனநோயைத் தொட்டுப் பார்க்க முடியாது. நடத்தையைக் கவனித்துத்தான் கண்டுகொள்ள வேண்டும்.

வளரும் வயதில் பிள்ளைகள் கோபப்படுவார்கள். ஒரு நாள் சிரிப்பார்கள். மறுநாள் அழுவார்கள். இது நோய் அல்ல. ஆனால் சிலரிடம் மாற்றம் நாள் கணக்கில் நீடிக்கும். படிப்பு கெடும். வீட்டு வேலை கெடும். இது இருதுருவ மனநோயாக இருக்கலாம். இந்த நோய்க்கு இரண்டு முகங்கள் உண்டு.

முதல் முகம் எழுச்சி. 16 வயதுப் பெண் ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். இரவில் 2 அல்லது 3 மணி நேரமே தூங்குகிறாள். ஆனாலும் களைப்பே இல்லை. ஓயாமல் பேசுகிறாள். ஒரு பேச்சை முடிக்காமல் மறு பேச்சுக்குத் தாவுகிறாள். "நாளைக்கே நான் கலெக்டர்" என்கிறாள். பீரோவில் இருந்த பணத்தை ஒரே நாளில் செலவழிக்கிறாள். தடுத்தால் சீறுகிறாள். ஒரு வாரமாக இதே நிலை.

இரண்டாவது முகம் சோர்வு. சில மாதம் கழித்து அதே பெண் பாயை விட்டு எழுவதில்லை. சாப்பாடு பிடிக்கவில்லை. தோழிகளோடு பேசுவதில்லை. "நான் இருந்து என்ன பயன்?" என்கிறாள். இது 2 வாரத்துக்கு மேல் நீடிக்கிறது.

ஊரார் என்ன சொல்வார்கள்? "காற்று கருப்பு பட்டிருக்கும்" என்பார்கள். "திமிர்" என்பார்கள். "கல்யாணம் செய்து வைத்தால் சரியாகும்" என்பார்கள். மூன்றும் தவறு. இது மூளையின் செயல்பாட்டில் வரும் நோய். வளர்ப்பின் குற்றம் அல்ல. கல்யாணம் இதற்கு மருந்தும் அல்ல. 18 வயது ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது சட்டப்படி குற்றம்.

மனநோயாளியைக் கட்டி வைப்பது கொடுமை. 2001 ஆகஸ்ட் 6 அன்று தமிழ்நாட்டில் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநல மருத்துவச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது.

பின் என்ன செய்வது? ஒரு நோட்டு எடுங்கள். எழுதக் கற்றது இப்போது உதவும். பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்கினாள், எப்படி நடந்தாள் என்று தேதி போட்டு எழுதுங்கள். அதை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள். சோர்வை மட்டும் சொல்லாதீர்கள். முன்பு வந்த எழுச்சியையும் சொல்லுங்கள். சோர்வுக்கான மாத்திரையை மட்டும் தந்தால் சிலருக்கு எழுச்சி கிளம்பிவிடும்.

லித்தியம் போன்ற மருந்துகள் மனத்தைச் சீராக வைக்கின்றன. லித்தியம் சாப்பிடுபவருக்கு மருத்துவர் சொன்னபடி இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். வாந்தி, பேதி, அதிகக் கை நடுக்கம் வந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். "குணமாகிவிட்டது" என்று மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. நோய் திரும்பி வரும். வேளைக்குத் தூக்கமும் அவசியம்.

"செத்துப்போகலாம் போல இருக்கிறது" என்று பிள்ளை சொன்னால் அலட்சியம் வேண்டாம். அருகில் உட்கார்ந்து கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வளராது. மனப் பாரம்தான் குறையும். பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்தைப் பூட்டி வையுங்கள். அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

வழி தெரியவில்லையா? 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவை. கட்டணம் இல்லை. இரவும் பகலும் பேசலாம். தமிழிலும் பேசலாம்.

சர்க்கரை நோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டே எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள். அதுபோல இந்த நோய் உள்ள பிள்ளையும் படிக்கலாம். வேலைக்குப் போகலாம். காலத்தில் காட்டிய வைத்தியமே அந்தப் பிள்ளைக்குக் காவல்.