வாசிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுவோம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் செயலாளர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசினவங்க சேமிப்பு, கடன், தொழில் பற்றியெல்லாம் நல்லாச் சொன்னாங்க. நான் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசப் போறேன். "குழு விழாவுல பள்ளிக்கூடம் எதுக்கு?"ன்னு சிலர் நினைக்கலாம். நம்ம கடன் பேரேட்டை ஒரு தரம் புரட்டிப் பாருங்க. ஆடு வாங்கன்னு எழுதியிருக்கும். பணம் போனது பிள்ளையோட ஃபீஸுக்கும் வேனுக்கும். அரசுப் பள்ளி நல்லா நடந்தா நம்ம கடன் பாதி குறையும். அதனால இது நம்ம விஷயம்தான்.

முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன். எங்க ஊர் நடுநிலைப் பள்ளியில் நான் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர். கூட்டம்னு சொல்லி அனுப்புவாங்க. நூறு நாள் வேலை முடிச்சு, கை காலைக் கழுவிட்டுப் போவேன். டீ, பிஸ்கட் குடுப்பாங்க. நோட்டை நீட்டுவாங்க. எங்கே கையெழுத்துப் போடணும்னு விரலை வெச்சுக் காட்டுவாங்க. போட்டுட்டு வந்துடுவேன். இப்படியே ஒரு வருஷம் ஓடிச்சு.

என் மகள் ஆறாம் வகுப்பு. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பையைத் தூக்கிப் போட்டுட்டுப் பின்பக்கம் ஓடுவா. காலையில குடுத்துவிட்ட தண்ணி பாட்டில் அப்படியே திரும்பி வரும். ஒரு நாள் அடி வயிறு வலிக்குதுன்னு அழுதா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். நர்ஸம்மா, "பிள்ளை தண்ணியே குடிக்கிறதில்லையா?"ன்னு கேட்டாங்க. அப்புறம்தான் அவ வாயைத் திறந்தா. "ஸ்கூல்ல பாத்ரூம் பூட்டிக் கெடக்கும்மா. தண்ணி குடிச்சா எங்க போறது?"

மறுநாளே பள்ளிக்குப் போய்த் தீர்மான நோட்டைக் கேட்டு வாங்கி வாசிச்சேன். "கழிப்பறை சுத்தமாகவும் பயன்பாட்டிலும் உள்ளது" என்று எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்து. ஒரு மாசம் இல்லை, மூணு மாசம், மூணு கையெழுத்து. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துட்டேன். யாரைத் திட்டுறது? என் பிள்ளையோட வயித்து வலிக்கு நானே சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்.

நம்ம குழுவில் இப்படி நடக்குமா? ஊக்குநர் வாசிச்சுக் காட்டாம நோட்டை நீட்டினா சும்மா விடுவோமா? 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் குழுக்கள் தொடங்கின காலத்திலிருந்து நமக்குச் சொல்லிக் குடுத்த பாடமே இதுதான்: கூட்டம் தவறாம நடக்கணும், கணக்கு எல்லோர் முன்னாலயும் வாசிக்கணும், தீர்மானம் எழுதணும். நூறு ரூபாய் குறைஞ்சா ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற நாம, பள்ளிக்கூட நோட்டை மட்டும் திறந்துகூடப் பார்க்கலை.

அன்னைக்குத் தலைமை ஆசிரியர்கிட்ட கேட்டேன். அவர் கோபப்படலை. "மோட்டார் ரிப்பேர் ஆகி மூணு மாசம் ஆச்சும்மா. ஊராட்சியில வாயால சொன்னேன். தண்ணி இல்லாமத் திறந்து விட்டா நாறிப்போகும்னு பூட்டி வெச்சேன்" என்றார். "அப்போ நோட்டுல சுத்தமா இருக்குன்னு ஏன் சார் எழுதினீங்க?" கொஞ்ச நேரம் பேசலை. "எப்பவும் அப்படித்தாம்மா எழுதுறது" என்றார்.

தோழிகளே, இந்த "எப்பவும் அப்படித்தான்" என்பதை மாத்தத்தான் சட்டம் வந்தது. 2009-ல் இயற்றி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். அதன் 21-ஆம் பிரிவில்தான் பள்ளி மேலாண்மைக் குழு வருது. உறுப்பினர்களில் நாலில் மூணு பங்கு பெற்றோர் இருக்கணும், பாதிப்பேர் பெண்களாக இருக்கணும். நம்ம மாநிலத்தில் 2022-ல் 20 பேர் கொண்ட குழுவாக மாத்தி அமைச்சாங்க. 2024-ல் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆக்கினாங்க.

குழுவுக்கு என்ன வேலை? பள்ளி எப்படி நடக்குதுன்னு கண்காணிக்கணும். பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிக்கணும். பள்ளிக்கு வந்த பணம் எப்படிச் செலவாச்சுன்னு பார்க்கணும். இது தலைமை ஆசிரியர் நமக்குச் செய்யற தயவு கிடையாது, சட்டம் குடுத்த பொறுப்பு.

என்ன கேட்கணும்னும் அந்தச் சட்டத்திலேயே இருக்கு. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேணும். பாதுகாப்பான குடிதண்ணீர் வேணும். தொடக்க வகுப்புகளில் 60 பிள்ளைங்க வரைக்கும் 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3 ஆசிரியர். ஐந்தாம் வகுப்பு வரை வருஷத்துக்கு 200 நாள், ஆறு முதல் எட்டு வரை 220 நாள் பள்ளி நடக்கணும். ஆசிரியர் நேரத்துக்கு வரணும். பெற்றோரைக் கூப்பிட்டுப் பிள்ளையோட வருகை, படிப்பு பற்றிச் சொல்லணும்.

"கேட்டா எம்பிள்ளை மேல காட்டிடுவாங்களோ?" என்ற பயம் எல்லோருக்கும் இருக்கு. எனக்கும் இருந்தது. அதனால தனியாப் போகலை. விஷயத்தை எங்க குழுக் கூட்டத்துல வெச்சேன். அடுத்த பள்ளிக் கூட்டத்துக்கு ஏழு அம்மாக்கள் சேர்ந்து போனோம். "மோட்டார் பழுது, இன்ன மாதத்திலிருந்து கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது" என்று உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னோம். "மேல இருந்து என்னைத்தாம்மா கேப்பாங்க" என்று தலைமை ஆசிரியர் தயங்கினார். "கேட்கட்டும் சார். நீங்க சொன்னீங்க, வேலை நடக்கலைன்னு நாங்க சாட்சி சொல்றோம்" என்றோம். எழுதினார். வாசிச்சுக் காட்டினார். அப்புறம்தான் கையெழுத்துப் போட்டோம்.

நகல் ஒண்ணு ஊராட்சிக்கு, ஒண்ணு வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குக் குடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கினோம். ஆகஸ்ட் 15 கிராம சபையில் எழுந்து அதை வாசிச்சோம். அடுத்த மாசம் மோட்டார் ஓடிச்சு. எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். சுத்தம் செய்யற அம்மா சில வாரம் வர்றதில்லை. அவங்களுக்குச் சம்பளம் நேரத்துக்கு வர்றதில்லை. அதையும் இப்போ நோட்டுல எழுதறோம்.

ஒரு விஷயம் எனக்குப் புரிஞ்சது. பொய்யா எழுதின நோட்டு யாரையும் காப்பாத்தாது. பிள்ளையையும் காப்பாத்தாது, வாத்தியாரையும் காப்பாத்தாது. நோட்டுல குறையே இல்லைன்னா, மேல இருக்கிற அதிகாரி எதுக்குப் பணம் ஒதுக்கப் போறார்?

கேள்வி நம்மையும் சேர்த்துத்தான். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25-ல் திருக்குவளையில் விரிவாக்கிய காலை உணவுத் திட்டத்தில், நம்ம குழுப் பெண்கள்தான் பல பள்ளிகளில் சமைக்கிறாங்க. உப்புமா மணி அடிச்ச பிறகு வந்தா, கிச்சடியில காய் இல்லைன்னா, பெற்றோர் நம்மகிட்ட கேட்கட்டும். முகத்தைத் தூக்கி வெச்சுக்காம பதில் சொல்லுவோம். நாம பதில் சொன்னாத்தான் மத்தவங்களைக் கேட்க நமக்கு வாய் இருக்கும்.

கடைசியா மூணே மூணு வேண்டுகோள். ஒவ்வொரு குழுவும், நம்மில் யார் யார் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்காங்கன்னு இந்த மாசமே பட்டியல் எடுங்க. பள்ளிக் கூட்டத்துக்குப் போயிட்டு வந்தவங்க, அடுத்த குழுக் கூட்டத்துல அஞ்சு நிமிஷம் அதைச் சொல்லணும். வாசிச்சுக் காட்டாத நோட்டுல யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. படிக்கத் தெரியாதவங்க, "வாசிங்க, கேட்டுக்கறேன்"ன்னு சொல்லுங்க. அதில் ஒரு வெட்கமும் இல்லை.

கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு வர நாம எவ்வளவு பாடுபட்டோம்னு இங்க இருக்கிற மூத்த அம்மாக்களுக்குத் தெரியும். ராத்திரி விளக்குல உட்கார்ந்து பேரெழுதப் பழகினோம். அந்தக் கையெழுத்தைச் சும்மா குடுத்துடாதீங்க.

என் மகள் இப்போ பாட்டிலைக் காலி பண்ணிட்டு வர்றா. அது போதும் எனக்கு.