இரண்டு நிமிடப் படமும் எட்டு ஞாயிறுகளும்

(கல்விக் கழக வெள்ளி விழாவின் இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

    

வெள்ளி விழா மேடையில் கல்வியின் மேன்மையைப் பேசுவது மரபு. நானோ சினிமாவைப் பற்றிப் பேச வந்திருக்கின்றேன். படிக்கின்ற பிள்ளைகளுக்குப் படம் எதற்கு என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். அவர்கள் என் உரை முடியும்வரை பொறுத்தருள வேண்டுகின்றேன். நான் பேசப்போவதும் கல்வியைப் பற்றித்தான்.

நம் கழகத்தின் மாலை வகுப்பில் பயில்கின்ற மாணவ மாணவியர் எழுவர், சென்ற கோடை விடுமுறையின் தொடக்கத்தில் என்னிடம் வந்தனர். “ஐயா, வெள்ளி விழாவுக்கு நாங்கள் ஒரு திரில்லர் எடுக்கப் போகிறோம். முழுப் படம் எடுக்கப் பணம் இல்லை. ஆகவே படத்தின் தொடக்கத்தை மட்டும் எடுக்கிறோம். வரும் ஞாயிற்றுக்கிழமை படப்பிடிப்பு” என்றனர். கையில் ஒரு கைப்பேசி, மனத்தில் ஒரு கதை, வேறொன்றும் இல்லை. “ஞாயிற்றுக்கிழமையே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எட்டு ஞாயிறு கழித்து” என்றேன். அவர்கள் முகம் வாடிவிட்டது.

இது நானாக வகுத்துக்கொண்ட கண்டிப்பு அன்று. இங்கிலாந்தில் மேல்நிலை மாணவர்களுக்கு ஊடகக் கல்வி ஒரு பாடமாகவே இருக்கின்றது. ஓ.சி.ஆர். என்னும் தேர்வு வாரியம் 2008ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் நடத்திய பாடத்திட்டத்தில், ஒரு புதிய கதைப்படத்தின் பெயர்க்காட்சியையும் தொடக்கத்தையும் மாணவர்களே உருவாக்கவேண்டும்; அது இரண்டு நிமிடத்தை மிஞ்சலாகாது என்று விதித்திருந்தனர். மாணவர் பலரும் விரும்பி எடுத்துக்கொண்டது மர்மப் படத்தையே. மொத்த மதிப்பெண் 100. அதில் படைப்புக்கு 60. ஆய்வுக்கும் திட்டத்துக்கும் 20. எடுத்த படத்தைத் தாமே மதிப்பிட்டு எழுதுவதற்கு 20. அதாவது, கேமராவைத் தொடாமல் செய்கின்ற வேலைக்கே 40 மதிப்பெண்.

அதற்கும் முன்னதாக ஒரு பயிற்சி உண்டு. ஒருவர் கதவைத் திறக்கவேண்டும். அறையைக் கடந்து, எதிரே இருப்பவர் முன் நாற்காலியில் அமரவேண்டும். இருவரும் ஓரிரு வார்த்தை பேசவேண்டும். இவ்வளவுதான். ஆனால் கதவின் வெளியே தொடங்கிய கையசைவு உள்ளே எடுத்த ஷாட்டில் பிசகின்றித் தொடரவேண்டும். பேசுகின்ற இருவருக்கும் இடையே ஒரு கோடு கிழித்ததாக எண்ணிக்கொண்டு, கேமரா அக்கோட்டைத் தாண்டாமல் நிற்கவேண்டும். தாண்டினால், எதிரெதிரே அமர்ந்தவர்கள் திரையில் ஒரே பக்கம் பார்ப்பது போலத் தோன்றும். நம் மாணவர்கள் இப்பயிற்சியைக் கழகத்தின் நூலக அறையில் நான்கு முறை செய்தனர். நான்காம் முறைதான் கதவு ஒழுங்காகத் திறந்தது.

இரண்டாம் ஞாயிறு முதல் ஆய்வு தொடங்கியது. ஆய்வு என்றதும் பெரிய சொல்லாகத் தோன்றும். ஒரு நோட்டுப் புத்தகமும், நொடி காட்டும் கடிகாரமும், பார்த்ததையே மீண்டும் பார்க்கும் பொறுமையும் போதும். புகழ்பெற்ற மர்மப் படங்களின் முதற் சில நிமிடங்களை மட்டும் பார்த்தோம். எத்தனை ஷாட், ஒவ்வொன்றும் எத்தனை நொடி, ஒளி எங்கிருந்து வருகின்றது, என்ன ஓசை கேட்கின்றது, பெயர்கள் எந்த வரிசையில் தோன்றுகின்றன என்று பத்தி பத்தியாக எழுதினோம்.

தமிழிலேயே நமக்கு நல்ல பாடம் உண்டு. 1954இல் ஏ.வி.எம். நிறுவனத்துக்காக எஸ். பாலச்சந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தில் ஒரு பாடல்கூடக் கிடையாது. ஜப்பானியர் சென்னையில் குண்டு வீசிய 1943ஆம் ஆண்டு அக்டோபரே கதையின் காலம். சிவாஜி கணேசன் ஏற்ற ராஜன் என்னும் வானொலிப் பொறியாளர் படத்தின் தொடக்கத்திலேயே சுடப்பட்டு இறந்துபோகின்றார். கதாநாயகனே மாண்டபின் கதை என்ன என்ற கேள்விதான் மக்களை இருக்கையில் அமர்த்தியது.

ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் 1931இல் எடுத்த ‘எம்’ என்னும் படத்தையும் பார்த்தோம். துணி துவைக்கும் ஏழைத் தாய் ஒருத்தி, பள்ளியிலிருந்து வரவேண்டிய மகளுக்காகத் தட்டு வைத்துக் காத்திருக்கின்றாள். கடிகாரம் அடிக்கின்றது. மகள் வரவில்லை. வெறும் மாடிப்படி, வெறும் தட்டு, புல்லில் உருண்டு வந்து நிற்கின்ற பந்து, கம்பியில் சிக்கிய பலூன். கத்தியும் இல்லை, குருதியும் இல்லை. கொலைகாரனைச் சுவரொட்டிமேல் விழுந்த நிழலாக மட்டுமே முதலில் காண்கின்றோம். “இதற்கு என்ன செலவாகும்?” என்று மாணவர்களைக் கேட்டேன். “ஒரு தட்டு, ஒரு பந்து, ஒரு பலூன்” என்றனர். கையில் காசில்லை என்ற கவலை அன்றோடு அகன்றது.

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் ஒரு நேர்காணலில் விளக்கிய கருத்தையும் படித்தோம். மேசைக்கு அடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் அது வெடித்தால், சில நொடி அதிர்ச்சியே மிச்சம். குண்டு இருப்பதை நாம் அறிவோம், மேசையில் அமர்ந்து பேசுகின்றவர்கள் அறியார் என்றால், அத்தனை நேரமும் நெஞ்சு துடிக்கும். இதற்கு எடுத்துக்காட்டாக, ஆர்சன் வெல்ஸ் 1958இல் எடுத்த ‘டச் ஆஃப் ஈவில்’ படத்தின் தொடக்கத்தைப் பார்த்தோம். காரில் ஒருவன் வெடிகுண்டு வைக்கின்றான், மூன்று நிமிடத்துக்கு மேல் வெட்டே இல்லாத ஒரே ஷாட், கார் ஊர்ந்துகொண்டேயிருக்கின்றது. பார்ப்பவருக்கு எதைத் தெரிவிப்பது, எதை மறைப்பது என்பதே மர்மப் படத்தின் உயிர் என்பதை மாணவர்கள் உணர்ந்தனர்.

நான்காம் ஞாயிறு அவர்கள் தங்கள் கதையைப் படித்துக் காட்டினர். இரவு, ஆளில்லாச் சாலை, பேருந்து நிறுத்தத்தில் தனியாக ஒரு கல்லூரி மாணவி. இருளிலிருந்து ஒருவன் வருகின்றான். கறுத்த உருவம், மடித்துக் கட்டிய லுங்கி, வாயில் பீடி, கையில் ஏதோ தொங்குகின்றது. அவன் அவளைப் பின்தொடர்கின்றான். அலறல். படத்தின் பெயர்.

“இந்த மனிதன் எங்கே வாழ்கிறான்?” என்று கேட்டேன். எழுதிய மாணவன் சிறிதும் யோசிக்காமல், “நம் தெரு போன்ற ஒரு தெருவில்” என்றான். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது. அறை அமைதியாகிவிட்டது. பின்வரிசையில் இருந்த மாணவி மெல்லச் சொன்னாள்: “ஐயா, இரவு ஷிப்டு முடிந்து என் அப்பா இப்படித்தான் வருவார்.”

அன்பர்களே! அந்த மாணவன் தீய எண்ணத்தோடு எழுதவில்லை. அவன் பார்த்து வளர்ந்த படங்கள் எழுதின. பேனாவைப் பிடித்திருந்த கை மட்டுமே அவனுடையது. ஓ.சி.ஆர். மாணவர்கள் தம் படத்தைப் பற்றி விடையளிக்க வேண்டிய கேள்விகள் ஏழு. இரண்டாவது கேள்வி, உங்கள் படைப்பு சமூகப் பிரிவினரை எவ்வாறு காட்டுகின்றது என்பதாகும். ஆங்கே அது தேர்வுக் கேள்வி. நமக்கோ அது வாழ்க்கைக் கேள்வி. திரையில் கறுத்த மேனியும் லுங்கியும் கண்டவுடன் அஞ்சுவதற்குப் பழகிய கண்கள், மறுநாள் தெருவிலும் அவ்வாறே அஞ்சும். காவல் நிலையத்திலும் வேலை கேட்டுச் செல்லும் அலுவலகத்திலும் அவ்வாறே நோக்கும்.

நான் அவர்களைத் திருத்த முற்படவில்லை. ஆய்வு நோட்டில் ஒரு பத்தியைக் கூடுதலாகச் சேர்க்கச் சொன்னேன்: முதலில் யார்மீது ஐயம் விழுகின்றது? அவர் என்ன உடுத்தியிருக்கின்றார்? எத்தகைய வீட்டில் வாழ்கின்றார்? அவர்கள் தாம் விரும்பிப் பார்க்கும் படங்களை எடுத்து அந்தப் பத்தியை நிரப்பி வந்தனர். அதன்பின் நான் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. பழைய கதையை அவர்களே கிழித்தனர்.

மாரி செல்வராஜ் 2018இல் இயக்கிய ‘பரியேறும் பெருமாள்’ படத்தின் தொடக்கத்தையும் அந்த வாரமே பார்த்தோம். அது மர்மப் படம் அன்று. எனினும் கருப்பி என்னும் நாய் தண்டவாளத்தில் கட்டப்பட்டு, இரயில் நெருங்குகின்ற அந்தச் சில நொடிகளில் எந்த மர்மப் படத்துக்கும் குறையாத துடிப்பு இருக்கின்றது. அச்சம் யாருடையது என்பதை அப்படம் மாற்றி வைத்தது. நம் மாணவர்களுக்கு வழி பிறந்தது.

புதிய திட்டத்தில் அதே சாலை, அதே மாணவி, அதே மனிதர். அவர் நெருங்குகின்றார், அவள் பையை இறுகப் பற்றுகின்றாள், பார்ப்பவரும் அவரை ஐயுறுகின்றனர். அவரோ அவளைக் கடந்து போய்விடுகின்றார். கையில் தொங்கியது டிபன் கேரியர். அப்போது அவர் முதுகின்மேல் ஒரு வாகனத்தின் விளக்கொளி விழுகின்றது. அவரைப் பின்தொடர்வது யார்? எதற்காக?

இத்திட்டத்தோடு அந்த மாணவியின் தந்தையையே நடிக்க அழைத்தனர். “என்னை வில்லனாகக் காட்டப் போகிறீர்களா?” என்று அவர் முதலில் மறுத்துவிட்டார். பின்பு ஸ்டோரிபோர்டு எனப்படும் படப்பட்டியலைக் கட்டம் கட்டமாகக் காட்டினர். ஒரு கட்டத்தில் அவர் விரலை வைத்தார். “இங்கே நான் திரும்பிப் பார்ப்பதாக வரைந்திருக்கிறீர்கள். நான் திரும்ப மாட்டேன். முதுகில் வெளிச்சம் விழுந்தால் ஓரமாக ஒதுங்கி நடப்பேன். வண்டி தாண்டிப் போனால் சரி. தாண்டாவிட்டால்தான் பயம்” என்றார். எந்த நூலிலும் எங்களுக்குக் கிடைக்காத ஆய்வு அது. அக்கட்டத்தை அழித்து, அவர் சொன்னவாறே வரைந்தனர். வண்டி தாண்டவில்லை. விளக்கு அணைகின்றது. எஞ்சின் ஓசை மட்டும் நிற்காமல் கேட்கின்றது. படத்தின் பெயர் தோன்றுகின்றது.

இனி, படம் எடுக்க விரும்பும் மற்ற இளைஞர்களுக்குச் சில நடைமுறைகளைச் சொல்லிவிடுகின்றேன்.

இடத்தை முன்னதாகப் போய்ப் பாருங்கள். எந்த நேரத்தில் படம் எடுப்பீர்களோ அந்த நேரத்திலேயே பாருங்கள். பகலில் அமைதியாக இருந்த எங்கள் சாலையில், இரவில் நாய்கள் ஓயாமல் குரைத்தன. முழு இருட்டில் கைப்பேசிப் படம் புள்ளி புள்ளியாகச் சிதைகின்றது. ஆகவே அந்தி நேரத்தில், கேமராவின் ஒளியளவைக் குறைத்துப் பூட்டி வைத்து, இரவு போலத் தோன்றச் செய்தோம். ஓசையை இன்னொரு கைப்பேசியில் அருகிலிருந்து தனியே பதிவு செய்தோம். பிறர் இசையை அனுமதியின்றி எடுத்தாளாமல், டிபன் கேரியரின் கொக்கி ஆடும் ஓசையையே இசையாக்கினோம்.

வரைந்த படங்களைப் புகைப்படம் எடுத்து வரிசையாக ஓட்டிப் பாருங்கள். எங்கள் திட்டம் மூன்றரை நிமிடம் ஓடியது. ஒன்றரை நிமிடத்தைத் தாளிலேயே வெட்டினோம். எடுத்தபின் வெட்டுவதைவிட அது எளிது. யாருக்காக எடுக்கின்றீர்கள் என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி நம் நாட்டுத் தணிக்கைச் சான்றிதழில் 7, 13, 16 என வயதுப் பிரிவுகள் வந்துள்ளன. உங்கள் காட்சியை எந்த வயதுப் பிள்ளை காணலாம் என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

பொது இடத்தில் ஓடுவது, அலறுவது, பொம்மைக் கத்தியைக் காட்டுவது ஆகியவற்றை அறியாதவர் கண்டால் விபரீதமாகும். அக்கம்பக்கத்தாரிடம் சொல்லுங்கள், காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவியுங்கள். நம் பிள்ளைகள் இருட்டில் கும்பலாக நின்றால் பிறர் எவ்வாறு எண்ணுவர் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பெரியவர் ஒருவர் உடனிருக்கவேண்டும். பெண் பிள்ளைகள் வீடு சேர்ந்த பின்னரே மற்றவர் வீடு திரும்பவேண்டும். நடிப்பவரிடம் எழுத்தால் ஒப்புதல் பெறுங்கள்.

பெரியோர்களே! 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். 1920இல் அண்ணல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். நம்மைப் பற்றிப் பிறர் எழுதியதை நாமே திருத்தி எழுதவேண்டும் என்று அப்பெருமக்கள் அச்சு இயந்திரத்தைக் கைக்கொண்டனர். இன்று நம் பிள்ளைகளின் சட்டைப் பையிலேயே கேமரா இருக்கின்றது. கருவி எளிதாகக் கிடைத்துவிட்டது. அதற்கு முன்னால் வேண்டிய படிப்பைத் தருவது நம் கழகத்தின் கடமை. நூலகத்தில் ஓர் அலமாரி, ஒரு முக்காலி, ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம். இவற்றை மட்டுமே பொறுப்பாளர்களிடம் வேண்டுகின்றேன்.

இன்று மாலை அந்த இரண்டு நிமிடப் படம் இம்மேடையில் திரையிடப்படுகின்றது. அதில் நடித்தவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். இன்றும் அவருக்கு இரவு ஷிப்டு. ஆகவே குறித்த நேரத்தில் படத்தைத் தொடங்கிவிடுமாறு விழாக் குழுவினரைக் கேட்டுக்கொள்கின்றேன்.