உடலின் காவலும் கல்நார் நோயும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கிவரும் இச்சங்கத்தின் விழாவில், மருத்துவம் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். கீற்றுக் குடிசையில் வாழ்ந்த நம்மவர் பலருக்கு, தீப்பற்றாத ஆஸ்பெஸ்டாஸ் கூரை முன்னேற்றத்தின் முதற்படியாக வாய்த்தது. ஆனால் அந்தக் கூரைத் தகட்டை அறுத்தவரும், துளையிட்டவரும், லாரியில் ஏற்றி இறக்கியவரும், பழைய கட்டடங்களை இடித்துக் குப்பை வாரியவரும் பெரும்பாலும் யார் என்பதை இந்த அவைக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, கல்நார்த் தூசியால் வரும் மீசோதீலியோமா என்னும் புற்றுநோயைப் பற்றியும், அந்நோயாளியின் ஆயுளை அவருடைய உடலின் எதிர்ப்பாற்றல் எவ்வாறு கூட்டவும் குறைக்கவும் செய்கிறது என்பதைப் பற்றியும் சொல்ல எண்ணினேன்.

ஆஸ்பெஸ்டாஸுக்குத் தமிழில் கல்நார் என்று பெயர். கல்லாகப் பிறந்து நாராகப் பிரிவது அது. தென்னாப்பிரிக்காவின் கேப் மாநிலத்தில், நீலக் கல்நார்ச் சுரங்கப் பகுதியில் கண்டறிந்த 33 நோயாளிகளைப் பற்றி வாக்னர் என்னும் மருத்துவ அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் 1960-ஆம் ஆண்டில் எழுதினர். நுரையீரலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையில் தோன்றும் இப்புற்றுநோய்க்கும் கல்நாருக்கும் உள்ள உறவை உலகம் உணரத் தொடங்கியது அதன் பிறகுதான். அவர்களுள் சுரங்கத்திற்குள் காலடி வைக்காமல் அருகில் வாழ்ந்தவர்களும் இருந்தனர். தொழிலாளியின் உடையைத் துவைத்த மனைவியருக்கும் இந்நோய் வந்ததைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. தூசி பட்ட நாளிலிருந்து நோய் வெளிப்பட 20 முதல் 50 ஆண்டுகள் வரை ஆகலாம்.

இத்தனை ஆண்டுகள் உள்ளே என்ன நடக்கிறது? நம் உடலில் விழுங்கணுக்கள் என்னும் காவலர் உண்டு. கிருமியையும் தூசியையும் விழுங்கிச் செரிப்பது அவற்றின் கடமை. கல்நாரின் நீண்ட இழையோ விழுங்கணுவைவிட நீளமானது, செரிக்கவும் இயலாதது. பாதி விழுங்கிய நிலையில் அந்த அணு தவிக்கிறது. அழற்சியூட்டும் பொருள்களைக் கக்குகிறது. இழை அழிவதில்லை, அழற்சியும் ஓய்வதில்லை. ஆண்டுக்கணக்கில் நீளும் இந்தப் போரில், உறையின் அணுக்களிலுள்ள மரபுப் பொருள் சிதைந்து புற்று முளைக்கிறது. காக்க வந்த ஆற்றலே, வெல்ல முடியாத பகைவனோடு போராடித் தன் வீட்டையே சேதப்படுத்திவிடுகிறது.

புற்று முளைத்த பின்னும் காவல் முடிந்துவிடுவதில்லை. டி அணுக்கள் என்னும் வேறொரு படை புற்றணுவை அடையாளம் கண்டு கொல்லவல்லது. இப்படை கட்டிக்குள் மிகுதியாக நுழைந்திருந்த நோயாளிகள் மற்றவரைவிட நீண்ட நாள் வாழ்ந்தனர் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. புற்றுநோயோ சூழ்ச்சி மிக்கது. விழுங்கணுக்களைத் தன்பக்கம் இழுத்து டி அணுக்களை அடக்க வைக்கிறது. டி அணுக்களின் மேலுள்ள இயற்கையான தடைக்கட்டையையும் அழுத்திவிடுகிறது. ஓடும் வண்டிக்குப் பிரேக் இருப்பதுபோல, எதிர்ப்பாற்றல் அளவு மீறாதிருக்க இயற்கை வைத்த கட்டுப்பாடு அது.

அந்தப் பிரேக்கை விடுவிக்கும் வழியைக் கண்ட ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோஞ்சோ ஆகிய இருவருக்கும் 2018-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவ்வழியில் பிறந்த நிவோலுமாப், இபிலிமுமாப் என்னும் இரு மருந்துகளையும் சேர்த்து, அறுவை செய்ய இயலாத 605 மீசோதீலியோமா நோயாளிகளிடையே ஓர் ஆய்வு நடந்தது. வழக்கமான மருந்து பெற்றவர்களின் வாழ்நாள் நடுஅளவு 14.1 மாதம், புதிய மருந்து பெற்றவர்களுக்கு 18.1 மாதம். இரண்டாண்டு கடந்து வாழ்ந்தோர் முன்னவரில் நூற்றுக்கு 27 பேர்; பின்னவரில் 41 பேர். அமெரிக்க அரசு 2020 அக்டோபரில் இச்சிகிச்சைக்கு இசைவளித்தது.

நான்கு மாதம் பெரிதா என்று கேட்பீர்கள். நடுஅளவு என்பது பாதிப்பேர் அதற்கு மேலும் வாழ்ந்தனர் என்பதையே குறிக்கும். அமெரிக்க உயிரியல் அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்டு என்பவருக்கு 1982-இல் வயிற்று உறையில் இந்நோய் கண்டது. அன்று அதன் நடுஅளவு எட்டு மாதம். அவர் அதன் பின்னும் இருபது ஆண்டுகள் வாழ்ந்து, 2002-இல் வேறொரு புற்றுநோயால் மறைந்தார். எண்ணைக் கண்டு மனம் தளராதிருக்கவும் கல்வி உதவுகிறது.

ஓர் எச்சரிக்கையும் கூறுவேன். எதிர்ப்பாற்றலைப் பெருக்கும் என்று விற்கப்படும் பொடிகளும் லேகியங்களும் இந்நோயைத் தீர்க்கமாட்டா. மேற்சொன்ன மருந்துகளும் விலை மிக்கவை. அவிழ்த்துவிட்ட காவல் சில வேளை குடலையும் கல்லீரலையும் தைராய்டையும் தாக்கும். தேர்ந்த மருத்துவரின் கண்காணிப்பு இன்றியமையாதது.

நமக்கு அருகிலேயே, 1928-இல் மருத்துவர் சௌரிமுத்து தொடங்கிய தாம்பரம் சானடோரியம் உள்ளது. மார்பில் நீர் கோத்தால் நம் வட்டாரத்தார் முதலில் எண்ணுவது காசநோயைத்தான். அந்தச் சோதனை தேவையே. ஆயினும் மருந்து முழுதும் உண்ட பின்னும் நீர் மீண்டும் கோத்தால், “இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் ஷீட் அறுத்தேன், கட்டடம் இடித்தேன்” என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். உறையிலிருந்து சிறு சதை எடுத்துச் சோதித்தால்தான் இந்நோய் தெளிவாகும். செய்த வேலையைச் சொல்ல நாணி மறைத்தால், காலம் வீணாகும். உடலின் காவலுக்குத் துணைசெய்யும் வாய்ப்பும் நழுவும்.

சட்டமும் இதில் நமக்குத் துணை நிற்கிறது. 1995 ஜனவரி 27 அன்று, கல்நார்த் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம், உடல்நலம் தொழிலாளியின் வாழ்வுரிமையில் அடங்கியது என்று தீர்ப்பளித்தது. வேலையில் சேர்ந்த நாள்முதல் 40 ஆண்டுகள் வரையிலோ, வேலை நீங்கியபின் 15 ஆண்டுகள் வரையிலோ, இவற்றுள் எது பிந்தியதோ அதுவரை ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் முதலாளி காக்கவேண்டும் என்றும் ஆணையிட்டது. தீர்ப்பை எழுதிய நீதியரசர் கே. ராமசாமி ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து உயர்ந்தவர் என்பதை இங்கே பெருமையோடு நினைவுகூர்கிறேன். ஆனால் அன்றாடக் கூலிக்கு ஷீட் சுமந்தவருக்குப் பதிவேடு யார் வைத்தார்? அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் தடைசெய்துவிட்ட கல்நாரை நம் நாடு இன்னும் இறக்குமதி செய்கிறது.

ஆகவே இளைஞர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இன்றிரவு வீட்டிற்குச் சென்று அப்பாவிடமும் தாத்தாவிடமும், அம்மாவிடமும் ஆயாவிடமும், எந்த ஆண்டில், எந்த இடத்தில், என்ன வேலை செய்தார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். முதலாளி வைக்காத பதிவேட்டை மகன் வைக்கட்டும், மகள் வைக்கட்டும். உடையாத கூரையைக் கண்டு அஞ்சவேண்டாம். அதை அறுக்கையிலும் உடைக்கையிலும் எழும் தூசிதான் எமன். நனைக்காமல் அறுக்காதீர்கள், உலர்ந்த தூசியைப் பெருக்காதீர்கள், வேலை உடையோடு வீடு திரும்பிக் குழந்தையைத் தூக்காதீர்கள், தக்க முகக்கவசம் தராத இடத்தில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

உடலுக்குள் இருக்கும் காவலை இயற்கை தந்தது. உடலுக்கு வெளியே இருக்கவேண்டிய காவலை நம் கல்வியும் ஒற்றுமையுமே தரமுடியும். அந்தக் காவலாக இச்சங்கம் பொன்விழாவும் கண்டு நிலைக்கட்டும் என வாழ்த்தி விடைபெறுகிறேன்.