பில்டரைப் பார்க்கப் போகுமுன்

ரிடையரான கையோடு 2011-இல் புனேயில் ஒரு பில்டரைப் பார்க்கப் போனேன். கையில் செக் புத்தகம் மட்டும். காபி கொடுத்து, 'சூப்பர் பில்ட்-அப் 1,200 சதுர அடி' என்றார். அட்வான்ஸ் எழுதிவிட்டேன். குடிபோய் அளந்தால் சுவருக்குள் 840தான். பூஜை அறை எங்கே என்று அகத்தில் இன்றும் கேட்கிறாள்.

இப்போது 2016-ஆம் வருஷத்து ரெரா சட்டம் இருக்கிறது. போன மாதம் பெங்களூரில் என் பிள்ளை பில்டரைப் பார்க்கக் கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரியே, கர்நாடக ரெரா இணையதளத்தில் பதிவு எண், கட்டி முடிக்கும் தேதி எல்லாம் பார்த்துக் குறித்துக்கொண்டோம். முதல் கேள்வி, கார்ப்பெட் ஏரியா எவ்வளவு? விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுமுன் விலையில் 10 சதவிகிதத்துக்கு மேல் அவர்கள் வாங்கக் கூடாது. அந்தப் பத்தும் முதல் சந்திப்பில் வேண்டாமே என்று அவன் செக் புத்தகத்தை வாங்கி பீரோவில் பூட்டிவிட்டேன். அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.