நேர் எது என்று காருக்குச் சொல்வது

காரின் ஸ்டீயரிங் சக்கரத்துக்குப் பின்னால், தண்டைச் சுற்றி வளையம் போன்ற ஒரு சிறு கருவி இருக்கிறது. ஓட்டுநர் ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம், எத்தனை பாகை, எவ்வளவு வேகமாகத் திருப்புகிறார் என்பதை அது நொடிக்குப் பல முறை காரின் கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. இதுதான் ஸ்டீயரிங் கோண உணரி. பட்டறையில் ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சர் என்பார்கள். காரின் முன்பக்கத்தில் சில வகைப் பழுதுகளைப் பார்த்து முடித்த பிறகு, ‘நேர்’ எது என்பதை இந்த உணரிக்கு மறுபடியும் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்த வேலையே அளவுதிருத்தம், அதாவது காலிப்ரேஷன்.

ஸ்டீயரிங் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக ஏறக்குறைய மூன்று சுற்றுச் சுற்றும். ஆகவே ‘30 பாகை’ என்று சொன்னால் மட்டும் போதாது. அது எந்தச் சுற்றின் 30 பாகை என்பதும் தெரிய வேண்டும். பல கார்களில் இதற்காக உணரிக்குள் காந்தம் பதித்த இரண்டு சிறு பல்சக்கரங்கள் இருக்கும். இரண்டுக்கும் பற்களின் எண்ணிக்கை வேறு. பஞ்சாங்கத்தில் கிழமை ஏழு, நட்சத்திரம் இருபத்தேழு. கிழமையை மட்டும் சொன்னால் எந்த வாரம் என்று தெரியாது. கிழமையையும் நட்சத்திரத்தையும் சேர்த்துச் சொன்னால், அதே சேர்க்கை அவ்வளவு சீக்கிரம் திரும்பி வராது. இரண்டு பல்சக்கரங்களின் நிலையைச் சேர்த்துப் படிக்கும் மின்னணுச் சில்லும் அப்படித்தான் ஸ்டீயரிங் எந்தச் சுற்றில், எந்தப் பாகையில் நிற்கிறது என்று கண்டுகொள்கிறது. துளையிட்ட தட்டின் வழியே ஒளி பாய்ச்சி எண்ணும் உணரிகளும் உண்டு.

எந்த வகையானாலும் அதற்குத் தெரிவது ஸ்டீயரிங் தண்டு மட்டுமே. தரையில் உருளும் சக்கரம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது அதற்குத் தெரியாது. தண்டு இந்த நிலையில் நின்றால் சக்கரம் நேராக நிற்கிறது என்று ஒருமுறை சொல்லி வைக்கிறார்கள். அதுதான் அதன் பூஜ்யம். தண்டுக்கும் சக்கரத்துக்கும் இடையில் ஏதாவது மாறிவிட்டால் அந்தப் பூஜ்யம் பொய்யாகிவிடும். உணரியில் கோளாறே இருக்காது. ஆனால் அது சொல்லும் கணக்கு தவறாக இருக்கும்.

இந்தக் கணக்கை அதிகம் நம்பியிருப்பது கார் சறுக்காமல் காக்கும் ஈஎஸ்சி என்னும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு. பாஷ் நிறுவனமும் மெர்சிடிஸ் பென்ஸும் 1995இல் இதை விலையுயர்ந்த கார்களில் கொண்டுவந்தன. 1997இல் ஸ்வீடன் இதழ் ஒன்று நடத்திய திடீர் விலகல் சோதனையில் மெர்சிடிஸின் சிறிய ஏ கிளாஸ் கார் கவிழ்ந்தது. அந்தக் காருக்கும் இந்த அமைப்பைப் பொருத்தித் தருவதாக நிறுவனம் அறிவித்ததும், சாதாரணக் கார்களுக்கும் இது பரவத் தொடங்கியது. சிங்கப்பூரில் காரின் உரிமைச் சான்றிதழுக்கு, புதுப்பிக்காவிட்டால், பத்தாண்டு ஆயுள்தான். அதனால் இங்கே ஓடும் கார்களில் பெரும்பாலானவை புதியவை. ஈஎஸ்சி இல்லாத காரைப் பார்ப்பது அரிது.

ஈஎஸ்சி செய்வது ஓர் ஒப்பீடு. ஓட்டுநர் எங்கே போக நினைக்கிறார் என்பதை ஸ்டீயரிங் கோணம் சொல்கிறது. கார் உண்மையில் எப்படித் திரும்புகிறது என்பதை அதன் நடுவில் உள்ள சுழற்சி உணரியும் சக்கரங்களின் வேக உணரிகளும் சொல்கின்றன. சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் வட்டாரத்தில், பழைய ரயில் நிலையத்தை ஒட்டிச் செல்லும் கெப்பல் மேம்பாலத்தில், மழை கொட்டும் மாலையில், ஒரு கார் இடப்பக்கம் வளைகிறது என்று வைத்துக்கொள்ளலாம். முன்சக்கரம் பிடிப்பை இழந்து கார் வெளிப்பக்கம் போகப் பார்த்தால், கணினி இடப்பக்கப் பின்சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு காரை உள்ளே இழுக்கும். பின்பக்கம் வீசினால் வலப்பக்க முன்சக்கரத்துக்குப் பிரேக் விழும். ஓட்டுநர் உணர்வதற்கு முன்பே இது நடந்து முடிந்துவிடும்.

இப்போது பூஜ்யம் நான்கு பாகை தள்ளி இருக்கிறது என்று கொள்வோம். ஸ்டீயரிங் பதினாறு பாகை திரும்பினால் சக்கரம் ஒரு பாகை திரும்பும் காரில், இது சக்கரத்தில் கால் பாகைதான். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் நேராகப் போகும் அந்தக் கார், நொடிக்கு ஒன்றிரண்டு பாகை திரும்பியாக வேண்டும் என்று கணினி தவறாக எதிர்பார்க்கும். இவ்வளவு சிறிய பிழையைப் பல கார்கள் நேர்ச்சாலையில் ஓடும்போது தாமே கண்டு கழித்துக்கொள்கின்றன. பிழை பெரிதானால் கணினி தன் மீதே சந்தேகப்பட்டு ஈஎஸ்சியை நிறுத்திவிட்டு, சறுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கை எரியவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட பிழைதான் தொல்லை. விளக்கு எரியாது, ஆனால் வளைவுகளில் காரணமில்லாமல் ஒரு பக்கம் பிரேக் லேசாகப் பிடிக்கும், அல்லது தேவைப்படும்போது உதவி தாமதமாக வரும்.

வேறு அடையாளங்களும் உண்டு. சக்கரம் நேராக இருந்தும் பின்பக்கக் கேமராத் திரையில் வழிகாட்டிக் கோடு வளைந்து தெரியும். தடம் மாறாமல் காக்கும் உதவி ஒரு பக்கமாகத் தள்ளும். சில கார்களில் திருப்பிய ஸ்டீயரிங் நடுவுக்குச் சரியாகத் திரும்பாது. விளக்கு எரியவில்லை என்பதாலேயே எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்வதை விட இந்தக் கேமராக் கோட்டைப் பார்ப்பது மேல்.

தஞ்சோங் பகார் போன்ற வட்டாரத்தில் பூஜ்யம் கெடுவதற்கு வாய்ப்பு குறைவில்லை. டக்ஸ்டன், கிரெய்க் சாலைப் பக்கத்துக் கடைவீட்டுத் தெருக்கள் குறுகலானவை. சக்கரம் நடைபாதை விளிம்பில் மோதுவது சுலபம். பல மாடிக் கார் நிறுத்துமிடங்களின் சுழல் பாதைகளும் அப்படித்தான். அந்த இடியில், சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராட் வளைந்தால் அதை மாற்றி, சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட் செய்ய வேண்டும். இதற்கான பட்டறைகள் அலெக்சாண்ட்ரா, புக்கிட் மேரா, சின் மிங் பக்கங்களில் உண்டு. டை ராட், தண்டின் சுழற்சியைப் பக்கவாட்டு அசைவாக மாற்றும் ஸ்டீயரிங் ராக், ஸ்டீயரிங் தண்டு, பிரேக்கைக் கட்டுப்படுத்தும் ஏபிஎஸ் கணினி ஆகியவற்றில் எதை மாற்றினாலும் அளவுதிருத்தம் வேண்டும். சில கார்களில் பேட்டரியைக் கழற்றி மாட்டினாலே வேண்டியிருக்கும்.

ஏர்பேக் வெடித்த காரில் இன்னொரு சிக்கல் உண்டு. சுழலும் ஸ்டீயரிங்குக்கும் சுழலாத தண்டு உறைக்கும் இடையில் மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் நாடாச்சுருளை கிளாக் ஸ்பிரிங் என்பார்கள். பல கார்களில் கோண உணரி இதனோடு ஒட்டியே இருக்கும். இதை மாற்றும்போது நாடாவைச் சரிநடுவில் வைத்து மாட்டாவிட்டால், ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது அது அறுந்துவிடும். ஹார்னும் போகும், ஏர்பேக்கும் வேலை செய்யாது. இந்த இடத்தில் கை வைக்குமுன் பேட்டரியைக் கழற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும்; பல டொயோட்டா கையேடுகள் 90 நொடி என்கின்றன.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் டயர்க் காற்று, பிறகு நான்கு சக்கர அலைன்மென்ட், கடைசியாகத்தான் அளவுதிருத்தம். பின்சக்கரங்கள் சற்றே கோணலாக நின்றாலும் கார் நேராக ஓட ஸ்டீயரிங்கைச் சாய்த்துப் பிடிக்க வேண்டியிருக்கும் என்பதால் முன்சக்கரங்களை மட்டும் சரிசெய்தால் போதாது. சில பட்டறைகளில் ஸ்டீயரிங்கையே கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டி, நேராக இருப்பதுபோல் காட்டிவிடுவார்கள். இது கண்துடைப்பு வேலை. சரிசெய்ய வேண்டிய இடம் டை ராட்.

அலைன்மென்ட் முடிந்ததும் காரைச் சமதளத்தில் நிறுத்தி, ஸ்டீயரிங்கை நேராகப் பூட்டி, பேட்டரிக்குச் சார்ஜர் இணைத்து, டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகுவார்கள். ஈஎஸ்சி அல்லது ஸ்டீயரிங் பிரிவில் அளவுதிருத்தக் கட்டளையைக் கொடுக்கும்போது யாரும் கதவைத் திறக்கக் கூடாது, காரில் சாயக் கூடாது. சுழற்சி உணரியும் அப்போதே தன் பூஜ்யத்தை எடுத்துக்கொள்ளும் கார்கள் உண்டு. பழைய டொயோட்டாக்களில் ஸ்கேனர் இல்லாமலே அந்தச் சாக்கெட்டின் 4ஆம், 12ஆம் முனைகளைக் கம்பியால் இணைத்துச் சில உணரிகளின் பூஜ்யத்தை எடுக்கலாம். பேட்டரி செத்துப் பிழைத்த வோக்ஸ்வேகன் பலவற்றில் ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்பிவிட்டுச் சற்றுத் தூரம் நேராக ஓட்டினாலே விளக்கு அணைந்துவிடும். இது பேட்டரிக்குப் பிறகு வரும் விளக்குக்கு மட்டுமே பொருந்தும்; ராக் மாற்றிய காருக்கு ஸ்கேனர் வேண்டும். எந்த முறை எந்தக் காருக்கு என்பதைத் தயாரிப்பாளரின் கையேடுதான் சொல்ல வேண்டும், பொதுவிதி இல்லை.

முடித்த பிறகு சரிபார்ப்பது எளிது. நேராக இருக்கும்போது திரையில் கோணம் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். இடமும் வலமும் ஒரே அளவு திருப்பினால் எண்ணும் ஒரே அளவாக, குறி மட்டும் மாறி வர வேண்டும். பிறகு நேர்ச்சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் எண்ணைப் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரில் மூன்று ஆண்டு முதல் பத்து ஆண்டு வரையான கார்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை உண்டு. அங்கே காரை மெல்ல ஓட்டிக் கடக்கும் தட்டு, டயர் பக்கவாட்டில் எவ்வளவு நழுவுகிறது என்பதைத்தான் அளக்கிறது. உணரியின் பூஜ்யம் எங்கே நிற்கிறது என்பதை அந்தத் தட்டால் சொல்ல முடியாது. ஆகவே பழுதுபார்த்த காரை எடுக்கப் போகிறவர்கள், ஸ்கேனர் திரையில் ஸ்டீயரிங் கோணத்தைக் காட்டச் சொல்லி, பூஜ்யத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.